ஆரன் தீவைக் கயாக்கில் சுற்றி வருவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கடலில் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டவேண்டும், ராத்திரி கரையில் கூடாரம் போட்டுத் தூங்கவேண்டும், நாலைந்து நாளில் ஒரு தீவையே சுற்றி முடித்துவிடவேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் நான் சொல்லும் பெயர் ஆரன். ஸ்காட்லாந்தின் மேற்கே, கிளைட் கழிமுகத்தில் இருக்கிறது. கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் துடுப்பு நனைந்துவிடும் தூரம். தீவைச் சுற்றிக் கடல்வழி ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முழுச் சுற்று முடிந்தது ஒருமுறைதான். மற்ற இரண்டு முறையும் பாதியில் பஸ் ஏறி, கப்பல் வந்து நிற்கும் பிராடிக் ஊருக்கு வந்து, காரை எடுத்துக்கொண்டு போய் கயாக்கை ஏற்றினேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. எப்போது பஸ் ஏறவேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பயணத்தில் பாதி வேலை. ஆரனை நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான். தீவைச் சுற்றிச் சாலை உண்டு, பஸ் உண்டு, சில மணி நேரத்துக்கொரு ஊர் வரும். வடக்கே ஒரே ஒரு துண்டில் மட்டும் இது எதுவும் கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கவிழப் பழகுங்கள்

கயாக் ஓட்டப் பழகுவதற்கு முன்னால் கவிழப் பழகவேண்டும். நீச்சல்குளத்திலோ ஏரியிலோ, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். தலைகீழாகத் தொங்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு, மூச்சுக்காகத் தலையைப் பின்னால் தூக்குவது. அப்படிச் செய்தால் கால்கள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முன்பக்கம் குனியுங்கள். படகுக்குள் தண்ணீர் வராமல் இருக்க இடுப்பைச் சுற்றி மாட்டியிருக்கும் மூடி, ஸ்ப்ரே டெக், அதன் முனையில் ஒரு பட்டை வளையம் இருக்கும். அதைப் பிடித்து முதலில் முன்னாலும் பிறகு மேலேயும் இழுங்கள். இரண்டு கையாலும் படகின் விளிம்பைத் தள்ளினால், பேன்ட்டைக் கழற்றுவதுபோல படகு உங்களைவிட்டுக் கழன்றுபோகும். முழுதும் ஐந்து நொடிகூட ஆகாது. முதல்முறை அது ஐந்து நிமிடம்போல இருக்கும்.

அடுத்தது, ஆழத்தில் மறுபடி ஏறுவது. கூட இருப்பவர் உங்கள் படகின் மூக்கைத் தன் படகின்மேல் இழுத்துத் தண்ணீரை வடிப்பார். பிறகு இரண்டு படகையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். நீங்கள் பின்பக்கமாக மேலே வழுக்கி ஏறவேண்டும். இதை ஏரியில் பத்துத் தடவை செய்தவர்கள், கடலில் குளிரில் ஒரு தடவை செய்துவிடுவார்கள். ஏரியில் ஒரே ஒரு தடவை செய்தவர்கள் கடலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்திலோ பயிற்சி நிலையத்திலோ ஒரு பருவம் முழுக்க ஓட்டி, ஒரே நாளில் 20 கிலோமீட்டர் போய்த் திரும்பிய பிறகுதான் இந்தப் பயணம். அப்போதும் முதல்முறை தனியாக வேண்டாம். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவராவது கடலில் பல வருடம் பழகியவர்.

எப்போது, என்ன உடுத்துவது

மே கடைசி, ஜூன் தொடக்கம். மழை ஓரளவு குறைவு, இரவு பத்து மணி வரை வெளிச்சம், மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி இன்னும் படையெடுத்திருக்காது. நாலு நாள் துடுப்பு, இரண்டு நாள் காத்திருப்பு என்று ஆறு நாள் விடுப்பு எடுங்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போயே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்தான் ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாத கடலில் போகிறார்.

வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மே மாதத்தில் அந்தக் கடல் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். விழுந்த மாத்திரத்தில் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், கட்டுப்படுத்த முடியாது. நீச்சல் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்வதும் அந்த முதல் நிமிடத்தில்தான். ஆகவே உடுப்பு காற்றுக்கேற்றபடி இல்லாமல் தண்ணீருக்கேற்றபடி இருக்கவேண்டும். உள்ளே கம்பளி, மேலே தண்ணீர் புகாத ட்ரை சூட், அதற்கும் மேலே மிதவை ஜாக்கெட். ட்ரை சூட் விலை அதிகம், வாடகைக்கு எடுக்கலாம். பருத்தி உடை எதுவும் வேண்டாம், நனைந்தால் காயாது.

படகு ஐந்து மீட்டர் நீளக் கடல் கயாக்காக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் தடுப்புச்சுவர் வைத்த சாமான் அறைகள் இருக்கிற வகை. கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு இதற்கு ஆகாது. கூடவே நீரிறைக்கும் கைப்பம்பு, இழுவைக் கயிறு, ஆளுக்கில்லாவிட்டாலும் குழுவுக்கு ஒரு உபரித் துடுப்பு.

கடலில் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ மிதவை ஜாக்கெட்டிலேயே இருக்கவேண்டும். படகின் அறைக்குள் இருக்கும் ரேடியோ, படகு உங்களைவிட்டுப் போனால் அதுவும் போய்விடும். அவசர அழைப்பு 16ஆம் சேனல். இந்தப் பகுதியைக் கவனிப்பது பெல்ஃபாஸ்ட் கடலோரக் காவல் நிலையம். ரேடியோ இயக்கச் சான்றிதழ் வேண்டும், ஒருநாள் பயிற்சிதான். கைபேசியை நம்பவேண்டாம், வடக்கிலும் மேற்கிலும் சிக்னல் வரும், போகும்.

சாமான் அடுக்குவது

மலையேறுகிறவர்கள் பெரிய முதுகுப்பையைக் கொண்டுவந்து கயாக்கின் வாய்க்குள் திணிக்கப் பார்ப்பார்கள். போகாது. வட்டமூடியின் அகலம் ஒரு சாண், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. அதனால் ஐந்து, பத்து லிட்டர் கொள்ளும் தண்ணீர் புகாத சின்னச் சின்ன ட்ரை பைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கூடாரத்தைக் கம்பி வேறு, துணி வேறாகப் பிரியுங்கள். கம்பிகள் மூக்கின் கூரிய முனைவரை போகும். தண்ணீர், டின், அடுப்பு போன்ற கனமானவை எல்லாம் நீங்கள் உட்காரும் இடத்தை ஒட்டி, அடித்தட்டில். தூங்கும் பை மாதிரி லேசானவை இரண்டு முனைகளிலும். படகு தண்ணீரில் சமமாக நிற்கவேண்டும். பின்பக்கம் ஒரு துளி கனம் கூடினால் பரவாயில்லை, முன்பக்கம் கூடவே கூடாது.

இன்னொன்று. வெறும் படகைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்த பிறகே சாமானை ஏற்றுங்கள். ஏற்றிய படகை இரண்டு பேர் தூக்கினால் முதுகு போய்விடும். நாலு பேர், இரண்டு பட்டை. வீட்டு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். படகுக்குள் போகாத பொருள் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் நல்லது.

காற்றும் ஏற்றவற்றமும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாமானோடு புதியவர் ஒருவர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று பியூஃபோர்ட் என்னும் காற்றுவேக அளவில் 4, அதாவது 11 முதல் 16 நாட் (மணிக்குச் சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர்) என்றால் அதில் பாதிகூடப் போகமாட்டார். கடலில் ஆங்காங்கே வெள்ளைநுரை தெரிந்தால் 3, அடிக்கடி தெரிய ஆரம்பித்தால் 4 தொடங்கிவிட்டது என்று கணக்கு. புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு என் வரம்பு 3. முன்னறிவிப்பில் '3 அல்லது 4, சில நேரம் 5' என்று வந்தால் நான் 5ஐத்தான் படிப்பேன்.

பிரிட்டிஷ் வானிலைத்துறை கரையோரக் கடலுக்கென்று தனி அறிக்கை தருகிறது. 'மல் ஆஃப் காலவே முதல் மல் ஆஃப் கின்டையர் வரை' என்ற பகுதியைப் பார்க்கவேண்டும். கிளைட் கழிமுகம் அதற்குள் வரும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பார்த்து எழுதிவையுங்கள்.

இந்தப் பக்கம் அதிகம் அடிப்பது தென்மேற்குக் காற்று. நம் கடற்கரையில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்களே, ஏறக்குறைய அது. அதனால்தான் பிராடிக்கில் தொடங்கித் தெற்கே இறங்கி, கடிகாரச் சுற்றாகப் போகச் சொல்கிறேன். முதல்நாள் கிழக்குக்கரை, தீவே காற்றை மறைத்துக்கொள்ளும். உடம்பு படகுக்குப் பழகிய பிறகு தெற்கின் திறந்த கடல். அதற்கப்புறம் மேற்குக்கரையில் வடக்கே ஏறும்போது காற்று முதுகில்.

கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றுதான் புதியவர்களை ஏமாற்றும். கரையோரம் கண்ணாடி மாதிரி தண்ணீர் இருக்கும், இருநூறு மீட்டர் தள்ளிப்போனால் திரும்பி வரமுடியாது. பள்ளத்தாக்குகள் கடலில் திறக்கும் இடங்களில், சானக்ஸ், லொக்ரான்சா மாதிரி, மலையிலிருந்து காற்று குழாயில் வருவதுபோல வரும். அங்கே கரையை ஒட்டியே போங்கள்.

பக்கக்காற்றில் கயாக்கின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். ஒரே பக்கம் துடுப்பு போட்டுச் சரிசெய்ய முயன்றால் ஒரு மணி நேரத்தில் தோள் போய்விடும். படகின் அடியில் பின்பக்கம் ஸ்கெக் என்று, மீன் துடுப்புபோல ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைப் பாதி இறக்குங்கள். மூக்கு நேராகும்.

ஏற்றவற்றத்துக்கு வருவோம். ஆரனைச் சுற்றி நீரோட்டம், நம் மீனவர்கள் சொல்லும் நீவாடு, பெரும்பாலும் பலவீனம். இந்தத் தீவைப் புதியவர்களுக்குச் சொல்ல இன்னொரு காரணம் இது. தென்முனையில் பிளாடா தீவுக்கும் பெனன் ஹெட்டுக்கும் பக்கத்தில் மட்டும் வேகம் கூடும், காற்றுக்கு எதிராக ஓடினால் அலை குத்தும்.

ஆனால் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சுமார் 3 மீட்டர். ஆறு மணி நேரத்தில் சீராக ஏறுவதில்லை. பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு ஒன்று உண்டு. முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 3 மீட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் பங்கு 25 சென்டிமீட்டர். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஒன்றரை மீட்டர் ஏறிவிடும். 'இப்போதுதானே பார்த்தேன், தண்ணீர் அங்கேதானே இருந்தது' என்று எல்லோரும் சொல்வது அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான்.

வழி

கப்பல் ஆர்ட்ராசனிலிருந்தோ ட்ரூனிலிருந்தோ பிராடிக் வரும். எது என்பது மாறுகிறது, டிக்கெட் எடுக்கும்போது பாருங்கள். பிராடிக் விரிகுடாவில் அதே கப்பல் போகும் பாதையைக் குறுக்கே வெட்டவேண்டாம்.

முதல்நாள் கில்டோனன் வரை, சுமார் 20 கிலோமீட்டர். கிளாச்லண்ட்ஸ் முனையைத் திரும்பினால் லாம்லாஷ் விரிகுடா, அதன் வாயில் ஹோலி ஐல். திபெத்திய பௌத்தர்கள் 1992இல் வாங்கிய தீவு. இறங்கிப் பார்க்கலாம், கூடாரம் போடக்கூடாது. இந்த விரிகுடாவின் ஒரு பகுதியில் 2008இலிருந்து மீனோ சிப்பியோ எதையும் எடுக்கத் தடை. ஸ்காட்லாந்தின் முதல் முழுத்தடைப் பகுதி அதுதான், உள்ளூர்க்காரர்கள் வருடக்கணக்காகப் போராடி வாங்கியது. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் துடுப்பை நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள்.

கில்டோனனில் கரை விசித்திரமானது. எரிமலைக் குழம்பு பிளவுகளில் இறுகி, கருங்கல் மதில்கள்போல் வரிசையாகக் கடலுக்குள் ஓடுகிறது. நீர் ஏறியிருக்கும்போது மதில்களுக்கு நடுவே உள்ள மணல் சந்துகளில் சுலபமாக இறங்கலாம். வற்றத்தில் வந்தால் வழுக்கும் பாறைமேல் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதுதான். ஆகவே நேரத்தைக் கணக்குப் பண்ணி வாருங்கள். அந்தப் பாறைகளில் சீல்கள் படுத்திருக்கும். அவை தலை தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள், விலகிப்போங்கள். எதிரே பிளாடாவில் 1790இலிருந்து இருக்கும் கலங்கரைவிளக்கம். தூரத்தில் தொப்பிபோல் நிற்பது எய்ல்சா கிரெய்க், பனிக்கட்டிமேல் கல்லை வழுக்கவிடும் கர்லிங் விளையாட்டின் கற்களுக்கு அந்தத் தீவின் கிரானைட் பேர்போனது.

இரண்டாம் நாள்தான் கடினம். பெனன் ஹெட் தாண்டி பிளாக்வாட்டர்ஃபுட், பிறகு மாக்ரி, சுமார் 25 கிலோமீட்டர். தென்மேற்கிலிருந்து வரும் அலை எதிலும் மோதாமல் நேரே இந்தக் கரைக்கு வரும். காற்று 3 என்றாலும் பழைய அலை உருண்டுகொண்டிருக்கலாம். காலையில் கில்டோனன் கரையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். மனசு ஒப்பவில்லையென்றால் கூடாரத்தை அவிழ்க்காதீர்கள். நான் பஸ் ஏறிய இரண்டு முறையும் இங்கேதான். நல்ல நாளாக இருந்தால் டிரமடூன் பாறைச்சுவருக்கு அடியில் போய், கிங்ஸ் கேவ் குகை முன்னால் இறங்குங்கள். தோற்று ஒளிந்திருந்த ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸ், சிலந்தி விடாமல் வலை பின்னுவதைப் பார்த்துத் தைரியம் கொண்ட குகை இதுதான் என்று ஒரு கதை. இன்னும் இரண்டு மூன்று குகைகளுக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள் மாக்ரியிலிருந்து லொக்ரான்சா, 20 கிலோமீட்டர். கின்டையர் தீபகற்பம் மேற்கே மறைத்து நிற்கும், சாலை கரையோடு கூடவே வரும், சுகமான நாள். லொக்ரான்சாவில் இடிந்த கோட்டை, செம்மான்கள் உலவும் முகாம் மைதானம், வெந்நீர்க் குளியல். காசு கொடுத்துத் தங்குங்கள்.

நாலாம் நாள் பிராடிக் திரும்ப 24 கிலோமீட்டர். முதலில் சொன்ன துண்டு இதில்தான் வருகிறது. லொக்ரான்சாவில் சாலை கடலைவிட்டு மலைக்குள் ஏறிவிடும், சானக்ஸில்தான் மறுபடி கடலோரம் வரும். நடுவே சுமார் 13 கிலோமீட்டருக்கு நடைபாதை தவிர எதுவும் இல்லை. வடக்குக் காற்று இருந்தால் போகாதீர்கள், அவ்வளவுதான். கிளம்பியதும் நியூட்டன் முனை அருகே, ஒரு பக்கமாகச் சாய்ந்த பழைய பாறைமேல் வேறு சாய்வில் மணற்கல் படிந்திருக்கும் இடம் உண்டு. 1787இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் இங்கே வந்து பார்த்தார். பூமிக்கு வயது சில ஆயிரம் வருடம் இருக்கமுடியாது என்று வாதிட்டவர் அவர். சானக்ஸ் வந்ததும் 874 மீட்டர் கோட் ஃபெல் தலைக்குமேல் நிற்கும்.

கூடாரம்

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், வேலியடைக்காத நிலத்தில் பொறுப்போடு கூடாரம் போட எல்லோருக்கும் உரிமை தருகிறது. சின்னக் குழு, ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்குமேல் வேண்டாம், வீடுகளுக்கும் பயிருக்கும் தள்ளி. காலைக்கடன் நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, குழிதோண்டி. தீ மூட்டாமல் அடுப்பிலேயே சமையுங்கள்.

இடம் பார்க்கும்போது காய்ந்த கடல்பாசி கோட்டைத் தேடுங்கள். கரையில் இரண்டு கோடு இருக்கும். கீழே ஈரமானது நேற்றைய ஏற்றம். மேலே, மொறுமொறுவென்று, கயிறும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடப்பது பெரிய ஏற்றம். கூடாரமும் படகும் அந்த மேல்கோட்டுக்கு மேலே இருக்கவேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், முதல் பயணத்தில் கீழ்க்கோட்டைப் பார்த்துத் திருப்தியாகி, படகை இழுக்கச் சோம்பல்பட்டு, படகின் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுத்தேன். பௌர்ணமிக்கு மறுநாள். இரவு ஒன்றரை மணிக்கு 'டொக், டொக்' என்று சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன், கூடாரத்தில் ஏது கதவு! தலைவிளக்கைப் போட்டால் படகின் பின்பாதி மிதந்து, ஒவ்வோர் அலைக்கும் பக்கத்துப் பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால்மணி நேரம் தூங்கியிருந்தால் அது கின்டையருக்குத் தனியே போயிருக்கும். அன்றிலிருந்து எவ்வளவு மேலே இழுத்தாலும் சரி, படகின் மூக்கிலிருந்து ஒரு கயிறு கூடாரத்துக்கு வரும். கூடாரத்துக்குள், என் கால்வரை.

மிட்ஜ் வந்துவிட்டால் முகத்தை மூடும் தலைவலை இல்லாமல் சமைக்கமுடியாது. காற்று கொஞ்சம் வீசினாலே அவை பறக்காது, ஆகவே பள்ளத்தைவிட மேட்டில் கூடாரம் போடுங்கள். பகலெல்லாம் திட்டிய காற்றை ராத்திரி வேண்டிக்கொள்வீர்கள்.

சாப்பாடு

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர், ஊர்களில் நிரப்பிக்கொள்ளலாம். கடைகளும் உண்டு, நாலு நாளுக்கும் சுமக்கவேண்டாம். நான் கொண்டுபோவது வீட்டிலேயே தாளித்து வறுத்த ரவை. கடுகு, மிளகாய், இஞ்சி, முந்திரி எல்லாம் அதிலேயே. கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. இரவுக்கு அரிசியும் பருப்புப்பொடியும் நெய்யும். படகில் கைக்கெட்டும் இடத்தில் கடலைமிட்டாய் வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. பசி தெரிந்தபிறகு சாப்பிட்டால் குளிர் ஏறிவிடும்.

முடித்த பிறகு

கிளம்பும் முன்பே கரையில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்திருக்கவேண்டும். எத்தனை பேர், படகுகளின் நிறம், ஒவ்வோர் இரவும் எங்கே, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அவசர எண் 999ஐக் கூப்பிட்டுக் கடலோரக் காவலைக் கேட்கவேண்டும். பிராடிக்கில் இறங்கியதும் முதல் வேலை, டீ குடிப்பதற்கும் முன்னால், அவருக்குப் போன் செய்வது. எங்கள் குழுவில் ஒருவர் இதை மறந்துவிட்டுக் கப்பலில் தூங்கிவிட்டார். அவர் மனைவி எண்ணை அழுத்தப்போகும் நேரத்தில் எழுந்து பேசினார். அதற்கப்புறம் கப்பல் முழுக்க அவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

வீடு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ட்ரை சூட்டின் ஜிப்பில் உப்பு தங்கக்கூடாது. படகின் மூடிகளைத் திறந்து காயவிடுங்கள். ஸ்கெக் பெட்டிக்குள் ஒரு கூழாங்கல் கட்டாயம் சிக்கியிருக்கும், பழைய ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி நோண்டி எடுங்கள்.